பஞ்சாலைக் கட்டடத்துக்கு அந்த வடிவம் எப்படி வந்தது?

பழைய இங்கிலாந்துப் பஞ்சாலைகளின் படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். ஐந்து அல்லது ஆறு மாடி. அகலம் குறைவு, நீளம் அதிகம். சுவர் முழுக்க வரிசை வரிசையாக ஜன்னல். பக்கத்தில் ஓர் ஆறு; கொஞ்சம் பிந்தைய காலத்து ஆலை என்றால் ஓர் உயரமான புகைபோக்கி. யாரும் அழகுக்காக இப்படிக் கட்டவில்லை. எந்திரத்துக்கு விசை எப்படிப் போகும், வெளிச்சம் எங்கிருந்து வரும், தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று மூன்று கவலைகள் முதலாளிக்கு இருந்தன. அந்த மூன்றும் சேர்ந்து உருவாக்கிய வடிவம் அது. உள்ளே நிற்கும் ஆள் எப்படி மூச்சு விடுவார் என்ற கவலை அந்தப் பட்டியலில் சேர ரொம்ப நாள் ஆயிற்று.

தொழிற்புரட்சி என்று பள்ளியில் படித்த பாடத்தை இந்தக் கட்டடத்தின் வழியாகவே புரிந்துகொள்ளப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் தறி ஓடிய காலம்

1700களின் நடுவில் லங்காஷயர், டெர்பிஷயர் பக்கத்துக் கிராமங்களில் துணி உற்பத்தி வீட்டுக்குள்ளேயே நடந்தது. வியாபாரி பஞ்சைக் கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் பஞ்சைக் கோதிக் கொடுக்க, பெண்கள் ராட்டையில் நூற்க, ஆண்கள் தறியில் நெய்வார்கள். துணியை எடுத்துக்கொண்டு வியாபாரி கூலி கொடுப்பார்.

கூலி துணிக்குத்தானே தவிர நேரத்துக்கு இல்லை. எப்போது வேலை, எப்போது ஓய்வு என்பது அவரவர் பாடு. ஞாயிற்றுக்கிழமை குடித்த களைப்புத் தீர திங்கட்கிழமையும் தறியைத் தொடாமல் இருப்பது பரவலான வழக்கம்; 'புனிதத் திங்கள்' என்று அதற்குக் கேலியாக ஒரு பெயரே இருந்தது. வார இறுதியில் ராத்திரி பகல் பார்க்காமல் நெய்து கணக்கை நேர் செய்வார்கள். இதைப் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டாம். கூலி குறைவு, வீட்டுக்குள் தூசி, பிள்ளைகளுக்கு அங்கேயும் வேலை இருந்தது. ஆனால் நாளை எப்படிச் செலவிடுவது என்ற முடிவு அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. ஆலை பறித்துக்கொண்டது முதலில் அதைத்தான்.

குரோம்ஃபோர்டு, 1771

தொடக்கப் புள்ளி என்று ஒரே ஓர் ஆலையைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. டெர்பி நகரில் லோம்ப் சகோதரர்களின் பட்டு ஆலை 1721-லேயே டெர்வென்ட் ஆற்று விசையில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஐந்து மாடிதான். ஆனாலும் பிறகு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக் காப்பியடித்த முன்மாதிரி, ரிச்சர்டு ஆர்க்ரைட் டெர்பிஷயரின் குரோம்ஃபோர்டில் 1771-ல் தொடங்கிய பஞ்சாலை.

ஆர்க்ரைட் பிரெஸ்டனில் பிறந்தவர். முடிதிருத்துவதும் செயற்கை முடி செய்து விற்பதும் அவருடைய தொழில். 1769-ல் ஒரு நூற்பு எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளை ஜோடிகள் பஞ்சை இழுத்து மெலிதாக்கும், கதிர் என்ற சுழலும் தண்டு அதை முறுக்கி நூலாக்கும். கையால் சுற்றி ஓட்ட முடியாத எந்திரம் அது. நாட்டிங்காமில் குதிரைகளைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. ஓடும் தண்ணீரைத் தேடிக் குரோம்ஃபோர்டுக்குப் போனார். அங்கே ஓர் ஓடையும், ஈயச் சுரங்கங்களிலிருந்து நீரை வடிக்க வெட்டிய கால்வாயும் இருந்தன. சுரங்கத்துத் தண்ணீர் சற்று வெதுவெதுப்பாக வரும். குளிர்காலத்தில் உறையாது. ஊரெல்லாம் பனியில் உறைந்து கிடக்கும்போதும் சக்கரம் சுற்றும்.

சரி, இதற்கு எதற்கு ஐந்து மாடி? சுற்றிலும் காலி நிலம் கிடக்கிறது. தரையில் பரப்பி ஒரே கொட்டகையாகக் கட்டியிருக்கலாமே?

விடை விசை போகும் வழியில் இருக்கிறது. கட்டடத்துக்கு இருப்பது ஒரே ஒரு நீர்ச்சக்கரம். அது சுற்றும் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வழியாகச் செங்குத்தான ஒரு தண்டுக்கு மாற்றுவார்கள். அந்தத் தண்டு கீழிருந்து மேல்மாடி வரை போகும். ஒவ்வொரு மாடியிலும் அதிலிருந்து கிடைமட்டமாக ஒரு ஷாஃப்ட் பிரிந்து கூரையை ஒட்டி ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் சுற்றும். ஷாஃப்ட் நீள நீள, அதைத் தாங்கும் ஒவ்வொரு பேரிங்கிலும் உராய்வு விசையைத் தின்னும். கனமும் கூடும், முறுக்கமும் கூடும். நூறு எந்திரங்களைத் தரையில் பரப்பினால் கடைசி எந்திரத்துக்குப் போய்ச் சேர்வது சொற்பம். அதே நூறை ஐந்து அடுக்காக ஏற்றிவிட்டால் எல்லாமே சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். மாடிகள் ஏறியதற்கு முதல் காரணம் இதுதான். பிற்பாடு ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மின்மோட்டார் வந்தபோது ஷாஃப்ட் போயிற்று. ஷாஃப்டோடு மாடி கட்ட வேண்டிய அவசியமும் போயிற்று.

அகலம் குறைந்ததற்குக் காரணம் வெளிச்சம். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிய வேண்டும் என்றால் கண் நன்றாகத் தெரிய வேண்டும். விளக்கு செலவு, ஆபத்தும்கூட. இரு பக்க ஜன்னல்களிலிருந்தும் பகல் வெளிச்சம் நடு இடம் வரை எட்ட வேண்டும் என்றால் கட்டடம் முப்பது அடி அகலத்தைத் தாண்டக் கூடாது. ஆர்க்ரைட் பாணி ஆலைகள் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே இருந்தன. உள்ளே படிக்கட்டு வைத்தால் எந்திரத்துக்கான இடம் போகிறதே என்று, 1783-ல் அவர் கட்டத் தொடங்கிய மேசன் ஆலையில் படிக்கட்டை நடுவில் வெளியே துருத்தும் ஒரு பகுதிக்குத் தள்ளிவிட்டார். தளம் முழுவதும் எந்திரத்துக்கு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குரோம்ஃபோர்டு வளாகத்தில் சாலையைப் பார்த்த சுவருக்குக் கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது. உள்ளே போக ஒரே வாசல். எந்திரங்களால் பிழைப்பு போகிறது என்று கொதித்த கூட்டம் 1779-ல் சோர்லி அருகே இருந்த ஆர்க்ரைட்டின் இன்னோர் ஆலையை அடித்து நொறுக்கியது. குரோம்ஃபோர்டில் துப்பாக்கிகளும் பீரங்கியும்கூடத் தயாராக வைத்தார்கள். கோட்டைபோலத் தோன்றும் அந்தச் சுவருக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு முற்றுகை பயம் இருந்தது.

எரியாத கட்டடம்

தொடக்க கால ஆலைகளின் சுவர் கல் அல்லது செங்கல். உள்ளே தூண், உத்திரம், தரை எல்லாம் மரம். எந்திரங்களிலிருந்து சொட்டும் எண்ணெய் பலகையில் ஊறியிருக்கும். காற்றில் பஞ்சுத் துகள் பறக்கும். இதற்கு நடுவில் மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும். தீப்பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? ஆலைகள் அடிக்கடி எரிந்தன. உள்ளே போட்ட முதல் முழுக்கச் சாம்பலானது.

டெர்பியில் வில்லியம் ஸ்ட்ரட் 1790களின் தொடக்கத்தில் மரத்தூண்களுக்குப் பதில் வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தினார். மர உத்திரங்களைக் காரை பூசி மூடினார். அடுத்த அடியை எடுத்து வைத்தவர் சார்லஸ் பேஜ். லீட்ஸில் ஜான் மார்ஷலின் ஆளிநார் (லினன் நூலுக்கான நார்) ஆலை 1796-ல் எரிந்த கையோடு, ஷ்ரூஸ்பரி நகரின் டிதரிங்டனில் மார்ஷல் கூட்டாளிகளுக்காக அவர் வடிவமைத்த ஆலையில் தூணும் வார்ப்பிரும்பு, உத்திரமும் வார்ப்பிரும்பு. 1797-ல் முடிந்த அந்த ஐந்து மாடிக் கட்டடம்தான் இரும்புச் சட்டகத்தால் ஆன உலகின் முதல் கட்டடம்.

அதன் அமைப்பு எளிது. தரையிலிருந்து வரிசையாகத் தூண்கள் எழும். தூணின் வெட்டுமுகம் கூட்டல் குறி வடிவம். வளைந்துவிடாமல் இருக்க நடுவில் சற்றுத் தடித்திருக்கும். தூண்கள் மேல் இரும்பு உத்திரம். ஓர் உத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே செங்கல்லால் தாழ்வான வளைவு. வளைவின் மேல் நிரவிவிட்டால் அடுத்த மாடிக்குத் தரை தயார். வளைவுகள் உத்திரங்களைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால் இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள். எரிவதற்கு மரமே இல்லை.

வானளாவிகளின் தாத்தா என்று இதைச் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், வெளிச் சுவர்கள் இன்னமும் பாரம் தாங்கும் செங்கல் சுவர்களாகவே இருந்தன. ஆனால் உள்ளே பாரம் இரும்புக்கு மாறிவிட்டது என்பது உண்மை. 1897-ல் அது பீருக்கான மால்ட் தயாரிக்கும் இடமாக மாறியபோது பெரும்பாலான ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். பல ஆண்டு மராமத்துக்குப் பிறகு 2022-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

வார்ப்பிரும்பில் ஒரு கோளாறு உண்டு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் முறியும். தூணுக்குப் பொருத்தம், உத்திரத்துக்குச் சந்தேகம், ஏனென்றால் பாரம் ஏறும்போது உத்திரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. கணக்கு தெரிந்தவர் போட்டால் நிற்கும். 1844-ல் ஓல்டாமில் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆலையில் உத்திரம் முறிந்து கட்டடம் சரிந்ததில் 20 பேர் இறந்தார்கள். தீக்குப் பயந்து கொண்டுவந்த இரும்பு, வேறொரு பயத்தைக் கொண்டுவந்தது.

மணியும் கேட்டும்

இப்போது கட்டடத்துக்குள் மனிதர்களை நிறுத்துவோம். ஒரே சக்கரம் எல்லா எந்திரத்தையும் சுற்றுகிறது என்றால், சக்கரம் சுற்றத் தொடங்கும்போது எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தாக வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் அவருடைய எந்திரம் வீணாகச் சுற்றும். வீட்டுத் தறிக்காரருக்கு இருந்த திங்கட்கிழமை இங்கே செல்லாது.

குரோம்ஃபோர்டில் மணி அடிக்கும். காலை 6, மாலை 6 என்று இரண்டு ஷிஃப்ட். சரியாக அந்த நேரத்துக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். உள்ளே வர முடியாமல் வெளியே நின்றவருக்கு அன்றைய கூலி போகும், அதோடு இன்னொரு நாள் கூலி அபராதமும் விழும். பூட்டிய கேட்டும் ஒரு கருவிதான். நூற்பு எந்திரம் பஞ்சை ஒழுங்குபடுத்தியதென்றால் கேட் ஆளை ஒழுங்குபடுத்தியது. இரண்டில் எது ஆர்க்ரைட்டுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது என்று எனக்குச் சந்தேகமே உண்டு.

மேக்கிள்ஸ்ஃபீல்டு நகரின் பட்டு ஆலை ஒன்றில் இரண்டு முகம் கொண்ட கடிகாரம் இருந்தது. ஒரு முகம் சாதாரண நேரம் காட்டும். இன்னொரு முகத்தை ஓட்டியது ஆலையின் நீர்ச்சக்கரம். ஆற்றில் தண்ணீர் குறைந்து சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அந்த முள்ளும் பின்தங்கும். வேலை நேரம் முடிவது அந்த முள்ளின்படி. ஆறு வற்றியதற்கும் தொழிலாளிதான் கூடுதல் நேரம் நின்று ஈடு கட்ட வேண்டும்! வேறு ஆலைகளில் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளி, மாலையில் பின்னே இழுத்து வைக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள்.

உள்ளே எப்படி இருந்தது என்று அறிய டில்டெஸ்லி என்ற ஊரின் நூற்பாளர்கள் 1823-ல் வெளியிட்ட அபராதப் பட்டியல் போதும். ஜன்னலைத் திறந்து வைத்தால் 1 ஷில்லிங். அழுக்காக இருந்தால் 1 ஷில்லிங். அழுக்கைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பிடிபட்டாலும் 1 ஷில்லிங். சீட்டியடித்தால் 1 ஷில்லிங். இதில் சீட்டியைவிட ஜன்னல்தான் முக்கியம். காற்று காய்ந்தால் பஞ்சு இழை அறுந்துபோகும்; வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் நூல் நன்றாக வரும். அதனால் ஜன்னலை மூடியே வைத்தார்கள். நுழைவது வெளிச்சம் மட்டும், காற்று இல்லை. எண்பது ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெக்கை, உள்ளே பறக்கும் தூசி, அதற்குள் பன்னிரண்டு, பதிமூன்று மணி நேரம். சுவர் முழுக்க ஜன்னல் இருந்தும் மூச்சுக்கு வழியில்லாத கட்டடம் அது.

குடும்பமும் மாற்றி அடுக்கப்பட்டது. குரோம்ஃபோர்டில் 1776-ல் ஆர்க்ரைட் கட்டிய நார்த் ஸ்ட்ரீட் வீடுகள் மூன்று மாடி. மேல்மாடியில் நீண்ட ஜன்னல் வைத்த தறி அறை. கணவர் அங்கே நெய்வார். மனைவியும் பிள்ளைகளும் ஆலைக்குப் போவார்கள். ஆலைக்குத் தேவை சின்ன விரல்கள். பிள்ளைகள் நிறைய உள்ள நெசவாளிகள் வேண்டும் என்றே ஆள் தேடினார். ஏழு வயதுப் பிள்ளைகளும் வேலைக்கு வந்தார்கள்.

குடும்பம் கிடைக்காத இடத்தில் அநாதைப் பிள்ளைகள். சாமுவேல் கிரெக் 1784-ல் ஸ்டைல் கிராமத்தில் தொடங்கிய குவாரி பேங்க் ஆலை, ஏழை விடுதிகளிலிருந்து பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதி வாங்கியது. அவர்களுக்காக 1790-ல் தனி வீடு கட்டினார்கள். ஒரு சமயத்தில் சுமார் 90 பேர் அதில் இருந்தார்கள். சோறு, துணி, படுக்கை உண்டு, கூலி கிடையாது. முன்னும் பின்னும் ஓடும் நூற்பு எந்திரத்துக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பஞ்சுக் கழிவைப் பொறுக்குவது குட்டிப் பிள்ளைகளின் வேலை. எந்திரம் திரும்பி வருவதற்குள் தலையை இழுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா முதலாளிகளும் ஒரே ரகம் என்று சொல்ல முடியாது. ஸ்ட்ரட் 1804-ல் பெல்பரில் எழுப்பிய வடக்கு ஆலையில் சூடான காற்றால் அறைகளை வெதுவெதுப்பாக்கும் ஏற்பாடு இருந்தது, கூரைக்கடியில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடந்தது. ஆனாலும் அவர்களும் பிள்ளைகளை வைத்துத்தான் ஆலை ஓட்டினார்கள்.

ஆற்றை விட்டு நகரத்துக்கு

1785-ல் நாட்டிங்காம்ஷயரின் பாபிள்விக்கில் ஒரு பஞ்சாலை ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தால் ஓடத் தொடங்கியது. அதன்பின் ஆறு இருக்கும் இடத்துக்கு ஆலை போக வேண்டியதில்லை. நிலக்கரி வந்தால் போதும், ஆட்கள் இருக்கும் இடத்திலேயே கட்டலாம். மான்செஸ்டரின் அன்கோட்ஸ் பகுதியில் 1798 முதல் மர்ரே சகோதரர்கள் கட்டிய ஆலைகள் கால்வாயோரம் எழுந்தன. நிலம் விலை ஏறியதால் மாடியும் ஏறியது.

அப்புறம் வெளிச்சம். 1805 வாக்கில் சால்ஃபோர்டின் பிலிப்ஸ் அண்டு லீ ஆலையில் வில்லியம் மர்டாக் நிலக்கரி வாயு விளக்குகளைப் பொருத்தினார். சூரியன் போனால் வேலை குறையும் என்ற கடைசித் தடையும் விலகியது. குளிர்கால இரவுகளிலும் ஜன்னல்கள் ஒளிர்ந்தன. பார்க்க வந்தவர்கள் வியந்தார்கள். உள்ளே நின்றவர்கள் வியந்திருக்க வாய்ப்பில்லை.

நெசவு மட்டும் மாடி ஏறவில்லை. எட்மண்ட் கார்ட்ரைட் 1785-ல் காப்புரிமை வாங்கிய விசைத்தறி பரவ நாற்பது ஆண்டு ஆயிற்று. பரவியபோது அதன் அதிர்வை மாடித் தளங்கள் தாங்கவில்லை. அதனால் தரையில் கல் பாவி, ஒற்றைத் தளமாக அகன்ற கொட்டகை கட்டினார்கள். அகலமான கொட்டகையின் நடுவில் இருட்டாகிவிடுமே? கூரையை ரம்பத்தின் பற்கள்போல் மடித்து, ஒவ்வொரு பல்லிலும் வடக்கு பார்த்த சரிவில் கண்ணாடி பதித்தார்கள். நேர் வெயில் விழாமல் நாள் முழுக்கச் சீரான வெளிச்சம். நூற்றுக்கணக்கான தறிகளின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் படித்தே பேசிக்கொண்டார்கள்.

இந்தக் கூரை நமக்கும் தெரிந்ததுதான். லங்காஷயர் எந்திரங்களோடு அந்தக் கட்டட முறையும் இங்கே வந்தது. கோவைப் பக்கத்துப் பழைய மில்களில் ரம்பக் கூரையைப் பார்க்கலாம். ஒரு சின்ன வேடிக்கை: நம் அட்சரேகையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே போய்விடும். இங்கிலாந்துக் கணக்கு அப்போது இங்கே ஒத்துவராது. நீர்விசை ஆலையும் நம்மிடம் உண்டு. 1880களில் பாபநாசம் அருகே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் விசையைக் கொண்டு மில் நடத்தினார்கள்.

சட்டம் உள்ளே வந்தது

மூச்சு பற்றிய கேள்வி சட்டத்தில் ஏறியது 1802-ல். ஆலைகளுக்கு ஆண்டுக்கு இரு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும், காற்று வர ஜன்னல் வேண்டும், எழுதி வாங்கிய பிள்ளைகளின் வேலை நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அது சொன்னது. யார் போய்ப் பார்ப்பது என்பதில்தான் கோட்டை விட்டது. ஏட்டில் இருந்தது சட்டம்.

1833-ல் வந்தது பல்லுள்ள சட்டம். ஒன்பது வயதுக்குக் கீழே பஞ்சாலை வேலை கூடாது; 13 வயது வரை வாரம் 48 மணி நேரம்; 18 வயது வரை 69 மணி நேரம். நாடு முழுமைக்கும் நான்கே ஆய்வாளர்கள் என்றாலும், ஆலைக்குள் நுழைய அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. பிறப்புப் பதிவே 1837-ல்தான் தொடங்கியது. அப்படியிருக்க வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவர் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துச் சான்று எழுதினார். பல்லை வைத்து வயது சொல்லலாம் என்று ஒரு பல் மருத்துவர் 1837-ல் ஆய்வு வெளியிட்டார்.

1844 சட்டம் சுழலும் ஷாஃப்டுகளுக்கும் சக்கரங்களுக்கும் வேலி போடச் சொன்னது. பாவாடையும் கூந்தலும் ஷாஃப்டில் சிக்கி நடந்த விபத்துகள் அதற்குப் பின்னணி. அதே சட்டம் வேலைக்குச் சேரும் வயதை எட்டாகக் குறைத்து, அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி என்றும் ஆக்கியது. முன்னேற்றம் என்பது நேர்க்கோட்டில் போகவில்லை. 1847-ல் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் நாளுக்குப் பத்து மணி நேர வரம்பு வந்தது. அவர்கள் இல்லாமல் எந்திரம் ஓட்ட முடியாததால் பல ஆலைகளில் ஆண்களின் வேலை நேரமும் கூடவே குறைந்தது.

1850 சட்டம் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் சனிக்கிழமை வேலையை மதியம் 2 மணியோடு நிறுத்தியது. லங்காஷயர் ஆலை ஊர்களுக்கு முதன்முறையாக வாரத்தில் ஒரு மதியம் சும்மா கிடைத்தது. அந்த மதியத்தை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது கால்பந்து ரசிகர்களுக்குத் தெரியும்: 1888-ல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது இருந்த 12 அணிகளில் ஆறு, பிரெஸ்டன், போல்டன், பிளாக்பர்ன், பர்ன்லி, அக்ரிங்டன், எவர்ட்டன் என்று லங்காஷயரைச் சேர்ந்தவை. சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டம் என்ற வழக்கத்துக்கு வழிவிட்டது ஆலைகளின் இரண்டு மணிச் சங்குதான்.